நான்கு பல் கூடுதல்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'குவீன்' ராக் குழுவின் ஃப்ரெடி மெர்குரி நிலைத்தது குரலாலா, மேடைக் கவர்ச்சியாலா என்பது கேள்வி. குரலால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வாதங்களை எழுதி எடுத்து வந்தேன். எதிரணிச் சகோதரர் பேசியதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "குரலை நம்பியவருக்கு மீசை எதற்கு? எடுப்புப் பல்லை மறைக்கத்தானே!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சகோதரரே, மீசை 1980இல் வந்தது. 'போஹீமியன் ராப்சடி' 1975இல் வந்தது. ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. நீளம் அதிகம், வானொலியில் போடமாட்டார்கள் என்று பயமுறுத்தினார்கள். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அப்போது மீசை எங்கே இருந்தது? முளைக்கவே இல்லை!

பல்லுக்கு வருகிறேன். அதை நான் விடுவதாக இல்லை. அவருக்கு மேல்வரிசையில் நான்கு பல் கூடுதல். நிரம்பி வழியும் பஸ்ஸில் பின்வாசல் வழியாக நான்கு பேர் ஏறினால் முன்வாசலில் நிற்பவர் கதி என்ன? வெளியேதான் தொங்க வேண்டும். அவருடைய முன்பற்கள் தொங்கின. சிரிப்பு வந்தால் கையைக் கொண்டுபோய் வாயை மூடுவார். அத்தனை கூச்சம்.

லண்டனில் பல் டாக்டர் இல்லையா? கையில் காசு இல்லையா? கென்சிங்டனில் தோட்டம் சூழ்ந்த மாளிகையே வாங்கியவர் ஐயா! நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் வேலை முடிந்தது. ஏன் போகவில்லை? பல்லில் கைவைத்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயம்.

பின்வரிசையில் கேட்டதா? இன்னொரு முறை சொல்கிறேன். நான்கு பல். வீடு நிறையப் பணம். உலகமே பார்க்கும் முகம். பார்க்கிற முகம் எப்படியோ போகட்டும், கேட்கிற குரலில் கீறல் விழக்கூடாது என்று இருந்துவிட்டார். மேடைக் கவர்ச்சிதான் மூலதனம் என்று நினைத்தவர் முதலில் எங்கே போயிருப்பார்? பல் டாக்டரிடம்!

1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய 'லைவ் எய்ட்' கச்சேரி, சுமார் 72,000 பேர் என்று எதிரணி அடுக்கியது. சரி. அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவர் 'ஏ... ஓ' என்று இழுத்தார், கூட்டம் திருப்பி இழுத்தது. அது என்ன, மீசையா?

1986 ஆகஸ்ட் 9, நெப்வொர்த். குவீனோடு அவர் செய்த கடைசிக் கச்சேரி. அதன்பின் நோய். எய்ட்ஸ் என்று உலகுக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23. மறுநாள் இறந்துபோனார். வயது 45.

அந்தக் கடைசி வருடம் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஸ்டுடியோவில் நிற்கவே சிரமப்பட்ட உடம்போடு பாடினார். எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடித் தருகிறேன், பிறகு நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களை அவசரப்படுத்தினார். அப்படிக் கடைசியாகப் பாடிய பாட்டின் பெயர் 'மதர் லவ்'. தாயின் அன்பு.

நடுவர் அவர்களே, ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஜான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை அவர். பெயர் ஃபரூக் பல்சாரா. எட்டு வயதில் கப்பலேற்றி இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அம்மா ஒரு கரையில், பிள்ளை மறு கரையில். இது வாதமா என்று எதிரணி கேட்கும். இல்லைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் பாட்டின் கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. களைப்பாக இருக்கிறது, வந்து முடிக்கிறேன் என்று போனார். வரவில்லை. அதை கிடார் கலைஞர் பிரையன் மே பாடியிருக்கிறார். நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் வீட்டில் கேட்கும்போது அந்தக் குரல் மாறுகிற இடத்துக்கு முன்பே நான் நிறுத்திவிடுவேன். மணியை அடித்துக்கொள்ளுங்கள் ஐயா.