யாராடா மலையும் ஒரு வெல்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பெரியப்பா போன தை மாதம் காலமானார். விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த உரைக்கு என்னை அழைத்தபோது, "ஒரு தொழிலாளியைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள்.

முதலில் அந்த ஷிப்யார்டைப் பற்றிக் கொஞ்சம். வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கப்பல் கம்பெனி ஆரம்பித்தது அது. 1941 ஜூன் 21 அன்று ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டிய முதல் கப்பல் 'ஜல உஷா'. 1948 மார்ச் 14 அன்று நேரு வந்து அதைத் தண்ணீரில் இறக்கிவைத்தார். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பெயரும் மாறியது. ஆனால் அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் சிந்தியா என்றுதான் பெயர். பஸ்ஸில் ஏறி வேறு எதைச் சொன்னாலும் கண்டக்டர் யோசிப்பார். சிந்தியா என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த கையோடு, அறுபதுகளின் கடைசியில் பெரியப்பா அங்கே போய்ச் சேர்ந்தார். தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவருக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் டபுள் பாட்டத்தில். கப்பலின் அடிப்பாகம் இரண்டு தகடாக இருக்கும், அவற்றுக்கு நடுவில் கட்டம் கட்டமாக அறைகள். ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே போக வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாது. வெளியே விசாகப்பட்டினத்து வெயிலில் காய்ந்த இரும்பு, உள்ளே வெல்டிங் ராடு உருகுகிற புகை. காற்றுக்கு ஒரு புளோயர் குழாய், அவ்வளவுதான். தலைக்கு மேல் இருக்கிற இணைப்பை ஒட்டவைக்கும்போது பொறி நேராகச் சட்டைக் காலருக்குள் விழும். கையை உதறக் கூடாது. உதறினால் ஒட்டு கோணிவிடும், ஒட்டின் மேல் படிகிற ஸ்லாக் என்ற கசடைத் தட்டிச் சுரண்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். அவர் பின்கழுத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் கடைசிவரை இருந்தன. சில ராத்திரிகளில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரிகிறது என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

இப்படி ஆறு நாள் இரும்புக்குள் கிடந்தவர் ஏழாவது நாள் வீட்டில் இருக்க மாட்டார். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். ஷிப்யார்டில் கொடுத்த பூட்ஸ், புளிசாதம் வைத்த எவர்சில்வர் தூக்கு, தோளில் ஒரு பை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எழும்பி நிற்கிற மலையைத் தாண்டினால் யாராடா கடற்கரை. மூன்று பக்கமும் மலை, எதிரே கடல். லீவு விட்டால் நானும் கூடப் போவேன்.

ஊரில் எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ஊர்சுற்றி. ஓவர்டைம் பார்த்தால் நாலு காசு சேருமே, இந்த மனுஷன் காட்டில் என்ன தேடுகிறார் என்று பாட்டியே சொல்லிக் காட்டுவாள். எனக்கு அது இப்போதும் ஆறவில்லை. ஓர் அதிகாரி பைனாகுலரோடு பறவை பார்க்கப் போனால் ரசனை உள்ளவர் என்பார்கள். வெல்டர் போனால் பொறுப்பில்லாதவன். பெரியப்பா ஒருநாளும் பொறுப்பில்லாமல் இருந்ததில்லை. மூன்று பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர்.

தை, மாசியில் யாராடாவுக்குப் போனால் ஆமைத் தடம் தேடுவோம். பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகும். காலையில் மிஞ்சுவது தடம் மட்டும்தான். துடுப்பு தள்ளிய மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று அதிலேயே சொல்லிவிடுவார். குழி இருக்கும் இடத்தில் விரல்கூட வைக்க மாட்டார். நாய் தோண்டிவிடாதபடி முள்ளை வெட்டிப் பரப்பி, ஊருக்குள் போய் மீனவர்களிடம் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் தூக்கைத் திறப்பார்.

சில வாரம் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிற மலை ரயில். அந்தப் பாதை மலையில் ஆள் ஏற்றுவதற்காகப் போட்டதல்ல. சத்தீஸ்கரில் இருக்கிற பைலாடிலாச் சுரங்கத்து இரும்புத்தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்கி ஜப்பானுக்கு அனுப்பப் போட்டது. வழியில் சிமிலிகுடா ஸ்டேஷன் 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே தாது வண்டி கடக்கும்போதெல்லாம் பெரியப்பா, "இங்கே கல்லாப் போறது அங்கே கப்பலாயிடும்டா" என்பார். பெருமையா வருத்தமா, எனக்குப் பிடிபட்டதில்லை.

அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் கொண்டகர்லா ஏரி. அனகாபள்ளிப் பக்கம். தாமரையும் நீர்ப்பறவையுமாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் பறவையைப் பார்ப்பார்கள், இவர் படகைப் பார்ப்பார். பனைமரத்தைக் குடைந்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய தோணி அது. ஒற்றை மரம் என்றால் உருண்டுவிடும், ஜோடி சேர்த்தால் நிற்கும். "ஒரு ஆணி இருக்கா பாரு, ஒரு ஒட்டு இருக்கா பாரு" என்று அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருப்பார். தோணிக்காரர் வந்து, ஏறப் போகிறீர்களா இல்லையா என்று கேட்கும்வரை.

2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் அடித்தது. மறுநாள் மலையைப் பார்த்தால் ஒரு மரத்திலும் இலை இல்லை, நெருப்பு வைத்தது மாதிரி பழுப்பாக நின்றது. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்த பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு ஏறிப்போய், எந்த மரம் துளிர்க்கிறது, எது பட்டது என்று பார்த்துவிட்டு வந்து போனில் எனக்குச் சொல்வார். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மலை நின்றது, கடற்கரைக்கு ஆட்டோ வந்தது, கடைசியில் அதுவும் நின்றது.

சாவுக்கு இரண்டு கூட்டம் வந்தது. ஷிப்யார்டு பென்ஷன்காரர்கள் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒட்டு வைப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே யாராடா மீனவர்கள் சிலர். அவர்களோடு கொண்டகர்லாத் தோணிக்காரரும் நின்றிருந்தார். பென்ஷன்காரர்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னிடம் வந்து, "இவர் கப்பல் கட்டினவரா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன்.

"எத்தனை வருஷப் பழக்கம்! என் தோணி ஒழுகி நான் மொண்டு மொண்டு ஊற்றினபோதெல்லாம் கூட உட்கார்ந்து மொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாபு" என்றார்.