கணக்குச் சொல்லும் பெண்

(குடியாத்தத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே,

ஒருத்தி வீட்டில் வதைபடுகிறாள் என்று காதில் விழுந்தால், நாம் முதலில் அவள் கன்னம் வீங்கியிருக்கிறதா, கையில் கன்றிய தடம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறோம். ஒன்றும் தென்படாவிட்டால் ‘வீட்டுக்கு வீடு வாசற்படி’ என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். காயம் கடைசியில் தெரிவது; சில வீடுகளில் அது தெரியாமலே போய்விடும். அதற்கு வெகு முன்பே அவள் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லத் தொடங்கியிருப்பாள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வந்தாள். சம்பளம் அவள் பெயரில் வங்கியில் ஏறும், ஏ.டி.எம். அட்டை மட்டும் கணவனின் சட்டைப் பையில் இருக்கும். கம்பெனி பஸ் பத்து நிமிடம் தாமதித்தால், தெருமுனையில் இறங்கியதுமே அதற்கான காரணத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒருநாள் என் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தவளுக்குப் போன் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செல்போனை உயர்த்தி, என் சமையலறையை மூலைக்கு மூலை வீடியோவில் சுற்றிக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அவருக்கு என்மேல் அவ்வளவு பாசம், அக்கா” என்றாள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சண்டை இல்லாத வீடு உண்டா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் சண்டையில் இருவரும் பேசுவார்கள். வதை நடக்கும் வீட்டில் ஒருவர் பேசுவார், மற்றவர் அவர் முகம் பார்த்து வார்த்தையை எண்ணுவார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் தாய்வீடு வந்தவள் இரண்டு வைகாசியாக வரவில்லை, கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்கிறாள் என்றால், அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவுபடுத்தும் பேச்சும், பாலியல் கொடுமையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதில் அடங்கும். மனைவி மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாயும் சகோதரியும்கூட அதன்கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். பலருக்குத் தெரியாதது அதன் 4ஆம் பிரிவு: இப்படி நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது வழக்குப் பாயாது. ‘நமக்கேன் வம்பு’ என்பதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

ஆனால் அவசரப்படாதீர்கள். அவள் கணவனை நேரில் நிறுத்தி நியாயம் கேட்டால், அதற்கான விலையை அன்றிரவு அவள்தான் கொடுப்பாள். ‘இன்னும் ஏன் அங்கேயே இருக்கிறாய்’ என்றும் கேட்காதீர்கள். விட்டுக் கிளம்பும் நேரமே அவளுக்கு மிகவும் ஆபத்தான நேரம் என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தனியாக இருக்கும்போது, செல்போன் பக்கத்தில் இல்லாதபோது, ‘வீட்டில் உனக்குப் பயமாக இருக்கிறதா’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். வருவதையும் போவதையும் மட்டும் நிறுத்தாதீர்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாயால் சொல்லுங்கள், அவள் போனில் பதிந்து கொடுக்காதீர்கள்.

நான் சொன்ன பெண்ணிடம் இதைக் கேட்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அன்று அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் கீரை வாங்க வந்தவள்போல வந்து, ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கீரைக் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, “உங்கள் பீரோவில் இருக்கட்டும், அக்கா” என்றாள்.