தோற்றவர் பணத்தில் பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் கேசினோ என்றதும் ஆடுகிறவரைப் பற்றியும், நடத்துகிற கம்பெனியைப் பற்றியும்தான் பேச்சு வரும். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு, நம்பி ஆடக்கூடிய கேசினோ எது என்று இணையத்தில் தேடுகிறார். பத்துப் பெயர்களை வரிசையாக அடுக்கி, நட்சத்திரம் போட்டு, எங்கே போனஸ் அதிகம், ஜெயித்த பணம் எங்கே சீக்கிரம் கைக்கு வரும் என்றெல்லாம் எழுதிய ஒரு பக்கம் வந்து நிற்கிறது. படிக்கிறார், அதிலுள்ள லிங்க்கைத் தொடுகிறார், உள்ளே போய்விடுகிறார். அந்தப் பக்கத்தை எழுதியவரை அஃபிலியேட் என்பார்கள், நம் பேச்சில் தரகர். ஆளை அனுப்பி வைத்ததற்காகக் கேசினோ அவருக்குக் கமிஷன் கொடுக்கும்.

இணைய விளம்பர வருமானக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். அதனால் இப்படிப்பட்டவர்களின் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டுகள் என் மேசைக்கு வரும். கொஞ்ச காலமாக எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அனுப்புகிற ஆள் குறையவில்லை, ஒப்பந்தமும் மாறவில்லை, கமிஷன் மட்டும் எப்படிக் குறைகிறது? கேசினோவை இனி எப்படி நம்புவது?

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கமிஷன் இரண்டு வகையில் வரும். ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று ஒரே முறை வாங்கிக்கொள்வது, சி.பி.ஏ. என்பார்கள். அனுப்பிய ஆள் பதிவு செய்து முதல் பணத்தைக் கட்டியதும் தொகை வந்துவிடும், அதோடு தொடர்பு முடிந்தது. இன்னொன்று ரெவின்யூ ஷேர். அந்த ஆள் ஆடுகிற காலமெல்லாம், அவரால் கேசினோவுக்குக் கிடைக்கும் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 25, 30, சில இடங்களில் 40 என்று பங்கு. கேசினோவுக்கு ஒரு ஆளால் வரும் வருமானம் என்றால் அது அவர் தோற்ற பணம்தான். ஆக, ஒருவரை நல்வார்த்தை சொல்லி அனுப்பி வைத்தவர், அந்த ஒருவர் தோற்கத் தோற்க, ஆயுள் முழுக்கப் பங்கு வாங்குகிறார்.

இப்போது கமிஷன் குறைகிற கணக்குக்கு வருகிறேன். 'நிகர' என்ற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அனுப்பிய ஆள் ஒரு மாதத்தில் 100 பவுண்டு தோற்றார் என்று வையுங்கள். அவருக்குக் கொடுத்த போனஸுக்காக 15 பவுண்டு கழிக்கிறார்கள்; கேம் தயாரித்த கம்பெனிக்கும் கார்டு செலவுக்கும் சேர்த்து இன்னொரு 15. இவை நான் உதாரணத்துக்கு வைத்த தொகைகள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுத்து அரசாங்க வரி, ரிமோட் கேமிங் டியூட்டி. கேசினோ ஜிப்ரால்டரில் இருந்தாலும் மால்டாவில் இருந்தாலும், ஆடுகிறவர் பிரிட்டனில் இருந்தால் இந்த வரியைக் கட்ட வேண்டும் என்பது 2014 டிசம்பரில் வந்த ஏற்பாடு. அப்போது வரி 15 சதவீதம். எல்லாம் போக 55 பவுண்டு நின்றது; அதில் 30 சதவீதம் என்றால் தரகருக்கு 16 பவுண்டு 50 பென்ஸ். 2019 ஏப்ரலில் வரி 21 சதவீதமானது. மீதி 49, பங்கு 14 பவுண்டு 70. 2026 ஏப்ரலிலிருந்து வரி 40 சதவீதம் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மீதி 30, பங்கு 9 பவுண்டு. ஒப்பந்தத் தாளில் 30 சதவீதம் என்பது ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தோற்றவர் தோற்றதும் அதே 100 பவுண்டுதான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வரி கண்ணுக்குத் தெரிகிற காரணம். கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்தான் மனிதரைத் தூங்க விடாது. ஒரு மாதம் ஒருவர் பெரிய தொகை ஜெயித்துவிட்டால் தரகரின் கணக்கு மைனஸுக்குப் போகும். சில கேசினோக்கள் மாத முடிவில் அதைப் பூஜ்யமாக்கிவிடும். சில, அடுத்த மாதத்துக்கும் கொண்டுபோகும். ஒரே ஒருவருடைய வெற்றியால், மற்ற நூறு பேரால் வரவேண்டிய பங்கு மாதக் கணக்கில் நின்றுபோவதுண்டு. மூன்று மாதத்துக்கு இத்தனை புது ஆள் கொண்டுவராவிட்டால் பழைய ஆட்களின் பங்கு குறையும் என்று ஒரு விதி எங்கேயோ உள்ளே கிடக்கும். லிங்க்கைத் தொட்டவர் பிறகு போனில் ஆப் இறக்கிப் பதிவு செய்தால், அவர் யார் வழியாக வந்தார் என்ற தடம் அறுந்துபோகலாம். கம்பெனி கைமாறும்போதோ, மென்பொருளை மாற்றும்போதோ, ஆயிரம் பேரின் பெயருக்கு எதிரே இருந்த தரகரின் அடையாளம் அழிந்துபோகலாம். இதெல்லாம் தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே ஆட்களை மறைத்துக் கணக்கைச் சுரண்டுவதற்கு அந்தத் தொழிலில் 'ஷேவிங்' என்று பெயர். தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்தச் சந்தேகம் அங்கே பழகிப்போனது.

ஊரில் நிலத் தரகர் என்றால் கிரயம் நடக்கும் இடத்தில் அவரும் நிற்பார். என்ன விலைக்குப் போனது என்று அவருக்குத் தெரியும், பத்திர ஆபீஸில் எழுத்தும் இருக்கும். இங்கே எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு தோற்றார்கள், எவ்வளவு கழித்தோம் எல்லாவற்றையும் பணம் கொடுக்க வேண்டியவரே எழுதி, அவரே கூட்டி, அவரே அனுப்புகிறார். ஒப்பந்தத்தின் கடைசியில், விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வரியும் இருக்கும். வெளி ஆடிட்டரைக் கொண்டு பார்க்கும் உரிமையைத் தரும் ஒப்பந்தங்கள் மிகக் குறைவு. வழக்குப் போடலாம் என்றால், கேசினோ பதிவாகியிருப்பது கரீபியன் தீவான குராசாவோவில் என்று தெரியவரும்.

ஒரே நாளில் எல்லாம் போன கதையும் உண்டு. 2006 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் வழியாகப் பணம் போவதைத் தடுத்தது. பார்ட்டிகேமிங் போன்ற பெரிய கம்பெனிகள் அமெரிக்க ஆட்களை உடனே நிறுத்தின. லண்டன் பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. அமெரிக்கர்களை அனுப்பி ஆயுள் பங்கு என்று எழுதி வாங்கி வைத்திருந்த தரகர்களின் கையில் அந்த எழுத்து மட்டும் மிஞ்சியது.

இதுவரை தரகரின் பக்கத்தைச் சொன்னேன். அவருக்கு நடப்பது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால், "கேசினோவை நம்பி மோசம் போனேன்" என்று அவர் சொல்லும்போது, அவரை நம்பியவர் ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு மனசு கேட்காது. அந்த ராத்திரி பதினொரு மணிக்காரர். அவர் படித்தது ஒரு நண்பரின் ஆலோசனை என்று நினைத்துக்கொண்டுதான் படித்தார். முதலிடத்தில் இருந்த கேசினோ ஏன் முதலிடத்தில் இருந்தது? அது அதிகப் பங்கு கொடுப்பதால் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய வரி பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

2017 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. லாட்புரோக்ஸ், ஸ்கை வேகஸ், 888, கசூமோ என்ற நான்கு கேசினோக்களுக்காக ஒரு தரகர் போட்ட விளம்பரம் அது. செய்திக் கட்டுரை மாதிரியே எழுதியிருந்தார்கள். மனைவியின் வைத்தியச் செலவால் கடனில் மூழ்கிய ஒருவர் ஆன்லைனில் ஆடிக் கடனையெல்லாம் அடைத்துவிட்டார் என்று கதை. எழுதியது நாங்கள் இல்லை, தரகர் என்று கம்பெனிகள் சொல்லிப் பார்த்தன. பொறுப்பு உங்களுடையதுதான் என்றது ஆணையம். பிரிட்டனின் சூதாட்ட ஆணையமும், தரகர் செய்வதற்கு லைசென்ஸ் வைத்திருப்பவரே பொறுப்பு என்று விதி வைத்திருக்கிறது. அதே மாதத்தில் ஸ்கை பெட்டிங் கம்பெனி பிரிட்டனில் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடியது. ஒழுங்காக எழுதியவர், பொய் எழுதியவர் எல்லோருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது.

கடன்பட்டவரின் வீட்டுக் கஷ்டத்தைத் தூண்டிலில் மாட்டி எழுதியவரும் ஒரு மனிதர்தானே? அவரை அப்படி எழுத வைத்தது எது என்று கேட்டால், நான் அந்தப் பங்கைத்தான் கை காட்டுவேன்.

கமிஷன் குறைந்தால் இந்தத் தொழில் தானாக அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பயம் இருப்பதே அந்த இடத்தில்தான். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சூதாட்டத்தை விட முடியாமல் தவிப்பவர், ஆறு மாதமோ, ஒரு வருடமோ, ஐந்து வருடமோ என்னை எந்த ஆன்லைன் கேசினோவும் உள்ளே விடக்கூடாது என்று இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2020 மார்ச் 31 முதல், பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய எல்லா ஆன்லைன் கம்பெனிகளும் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். பதிவு செய்ய எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னைத் தானே பூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். 'கேம்ஸ்டாப்பில் சேராத கேசினோக்கள்' என்று தலைப்புப் போட்டு வரிசை வரிசையாகப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதை யார் தேடுவார்கள்? பூட்டிக்கொண்டவர்களில் ஒருவர், மனம் தளர்ந்த ஒரு ராத்திரியில் தேடுவார். அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களும் அஃபிலியேட்டுகள்தான். அவர்கள் அனுப்பி வைப்பது பிரிட்டன் லைசென்ஸ் இல்லாத, பிரிட்டனுக்கு வரி கட்டாத கேசினோக்களுக்கு. வரி இல்லை என்பதால் அங்கே கழிவு குறைவு, தரகரின் பங்கு பெரிது. பிரிட்டனில் 2020 ஏப்ரலில் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டைத் தடை செய்தார்கள். இந்த லைசென்ஸ் இல்லாத கேசினோக்கள் பலவற்றில் அதையும் வாங்கிக்கொள்வார்கள். முறையான இடத்தில் 9 பவுண்டு, முறையில்லாத இடத்தில் அதே கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல் என்றால், சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் ஒரு தரகர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை. சாய்ந்தவருக்கும் அங்கே பாதுகாப்பு கிடையாது. ஆடுகிறவரின் பணத்தையே திருப்பித் தராத இடம், தரகரின் ஸ்டேட்மென்ட்டை ஒழுங்காக எழுதும் என்று எதை வைத்து நம்புவது?

ஜெர்மனி இதில் தைரியமாக ஒன்று செய்தது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சூதாட்ட ஒப்பந்தச் சட்டம், இணைய விளம்பரத்துக்கு, குறிப்பாக அஃபிலியேட் லிங்க்குகளுக்கு, ஆடும் தொகையையோ கட்டும் தொகையையோ கணக்கிட்டு ஏறி இறங்கும் கமிஷன் கொடுக்கக்கூடாது என்கிறது. விளம்பரத்துக்கு இவ்வளவு என்று நிலையான வாடகை கொடுக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி வேறு வழியில் போனது. நிலையான தொகை வாங்கும் தரகருக்குச் சாதாரணப் பதிவு போதும். வருமானத்தில் பங்கு வாங்குபவர் கேசினோ தொழிலுக்கான லைசென்ஸே எடுக்க வேண்டும். பின்புலம், பணம் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்கள். பங்கு வாங்கினால் நீயும் அந்தத் தொழிலில் ஒரு ஆள் என்பது அதன் பொருள்.

தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதாதா, அது பங்கு இல்லையே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போதாது. முதல் பணம் கட்டினால்தான் காசு என்றால், எப்படியாவது ஒருவரை ஒரு முறை கட்ட வைக்க வேண்டும் என்ற அவசரம் எழுத்தில் வந்துவிடும். அதோடு, போலி ஆட்களை வைத்துப் பதிவு செய்து கேசினோவையே ஏமாற்றும் கும்பல்களும் இதில்தான் நுழைகின்றன. ஜெர்மனியின் வாடகை முறைதான் சரி என்பது என் கருத்து. அதில் தரகருக்கு வருமானம் குறைவு. ஆனால் மாதம் எவ்வளவு வரும் என்று அவருக்கே தெரியும், யாருடைய ஸ்டேட்மென்ட்டையும் நம்ப வேண்டியதில்லை. படிக்கிறவர் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான், விலகிப் போனாலும் ஒன்றுதான். அப்போதுதான், இந்தக் கேசினோ பணத்தைத் திருப்பித் தர இழுத்தடிக்கிறது, போகாதீர்கள் என்று எழுத அவருக்குக் கை வரும்.

இந்தியாவில் இருந்து கேட்கிறவர்களுக்குச் சட்டம் வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதை மட்டும் தடுக்கவில்லை. அவற்றுக்கு விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இப்படியிருந்தும் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செய்தி வருகிறது. நண்பர்களைச் சேர்த்துவிடு, உனக்கு ஆயுள் முழுக்கக் கமிஷன் என்று. செய்தி அனுப்பியவர் வெளிநாட்டில் இருப்பார், பெயர்கூடத் தெரியாது. மாட்டினால் மாட்டுவது லிங்க் போட்ட பிள்ளைதான். பங்கு வராமல் போனால் போய்க் கேட்கவும் இடமில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது அப்படி ஒரு லிங்க்கைத் தங்கள் பக்கத்திலோ குரூப்பிலோ போட்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் லிங்க் வழியாகப் போனவர்களில் சிலரை உங்களுக்கு நேரிலேயே தெரிந்திருக்கும்: கூடப் படித்தவர், ஒரே தெருக்காரர், மாமா மகன். அவரிடம் போய், நீ தோற்றால் எனக்குப் பங்கு வருகிற மாதிரி ஏற்பாடு அது, எனக்கும் அப்போது முழுதாகப் புரியவில்லை, நீ வெளியே வந்துவிடு என்று சொல்லுங்கள். வெளியே வர அவருக்குத் துணை தேவைப்பட்டால் கூடவே இருங்கள்.

வணக்கம்.