வாயே இல்லாதவன் என்ன பொய் சொல்லியிருப்பான்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'மரப்பொம்மை பினோக்கியோவைப் பிள்ளையாக்கியது உண்மையா, பொறுப்பா?' இதுதான் தலைப்பு. நான் பொறுப்பின் பக்கம், எதிரணி உண்மையின் பக்கம். எதிரணி நண்பர் கொடுத்த நேரம் முழுக்க மூக்கையே பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொன்னால் மூக்கு வளரும், அவ்வளவுதான் கதை என்றார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன், பேச்சு அழகு. ஆனால் புத்தகத்தைப் படித்தாரா, படத்தைப் பார்த்துவிட்டு வந்தாரா என்பதுதான் என் சந்தேகம்.

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடி இந்தக் கதையை 1881-இல் ரோமில் வந்த ஒரு சிறுவர் இதழில் தொடராக ஆரம்பித்தார், 1883-இல் புத்தகமாயிற்று. மொத்தம் 36 அத்தியாயம். அதில் பொய்க்காக மூக்கு நீளும் இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த மூக்கு முதன்முதலில் நீண்டது எப்போது? அவனுக்கு அப்பாவான ஜெப்பெட்டோ மரத்தில் அவனைச் செதுக்கும்போதே! அவர் வெட்ட வெட்ட வளர்கிறது. அப்போது வாயையே இன்னும் செதுக்கவில்லை. வாயே இல்லாதவன் என்னங்க பொய் சொல்லியிருப்பான்?

சரி, உண்மை பேசினானே, என்ன கிடைத்தது? நரியும் பூனையும் தங்கக்காசைத் திருடிவிட்டன என்று நீதிமன்றத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். நடுவர் கோபிக்கக் கூடாது, அந்த ஊர் நீதிபதி ஒரு கொரில்லா. பறிகொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்டார், 4 மாதம்! பிறகு ராஜா கைதிகளுக்கு விடுதலை அறிவித்தபோது, அது குற்றவாளிகளுக்கு மட்டும் என்றார் சிறைக்காவலர். 'ஐயா, நானும் அயோக்கியன்தான்' என்றான் பயல். தொப்பியைக் கழற்றி மரியாதையோடு வெளியே அனுப்பினார்கள். இந்தப் புத்தகத்தை வைத்தா உண்மைக்கு வாதாடுகிறீர்கள்?

இப்போது கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். சுறாவின் வயிற்றிலிருந்து மீண்ட ஜெப்பெட்டோ நோயாளி. ஒரு குவளை பால் வேண்டும், கையில் காசில்லை. தோட்டக்காரர் ஜான்ஜோ சொல்கிறார்: '100 வாளி தண்ணீர் இறை, ஒரு குவளை பால் தருகிறேன்.' இறைக்கிறான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வியர்வை. அதுவரை அந்த வேலையைச் செய்த கழுதை பக்கத்துத் தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. போய்ப் பார்த்தால், அவனை விளையாட்டு நாட்டுக்குக் கூட்டிப்போன கூட்டாளிப் பையன்! படிப்பையும் வேலையையும் உதறிவிட்டுப் போய்க் கழுதையானவன், அங்கேயே உயிரை விடுகிறான். கொலோடி இதற்கு ஒரு வரி உபதேசம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது.

அன்றிலிருந்து 5 மாதம் விடிவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் இறைக்கிறான். கூடை முடையக் கற்றுக்கொள்கிறான். இரவில் எழுதப் படிக்கப் பழகுகிறான். அப்பாவை உட்காரவைத்துத் தள்ளிப்போகத் தானே ஒரு வண்டி செய்கிறான். இதே பயல்தான், அப்பா குளிரில் சட்டையை விற்று வாங்கித் தந்த பாடப்புத்தகத்தை 4 காசுக்கு விற்றுப் பொம்மலாட்டம் பார்த்தவன்! இப்போது புதுச்சட்டைக்கென்று 40 காசு சேர்த்திருக்கிறான். தன்னைத் தாய்போல் பார்த்துக்கொண்ட தேவதை நோயில் கிடக்கிறாள் என்று கேட்டதும் அத்தனையையும் கொடுத்துவிடுகிறான். அன்று இரவு 8 கூடைக்குப் பதில் 16 முடைந்துவிட்டுத்தான் படுக்கிறான். விடிந்து எழுந்தால் மரம் போய்ப் பிள்ளையாகியிருக்கிறான்.

அந்த இரவுக் கனவில் தேவதை வந்து பேசுகிறாள். துன்பத்திலும் நோயிலும் பெற்றவர்களை அன்போடு பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள், கீழ்ப்படிதலுக்கும் நன்னடத்தைக்கும் முன்மாதிரியாக இல்லாவிட்டாலும், பாராட்டுக்கும் அன்புக்கும் உரியவர்கள் என்கிறாள். இதில் மூக்கைப் பற்றி ஒரு சொல் உண்டா? அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் தேடிப் பார்த்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.