தேதி மாற்றும் முன் ஒரு கணக்கு

வணக்கம்ங்க. பின்னலாடை வியாபாரத்துக்காகப் பல வருடமாகக் கோவை பீளமேட்டில் விமானம் ஏறுகிறவன் நான். பயணத் தேதியை மாற்றும்போது நம் பணம் எங்கே போகிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் நமக்கும் ஒரே டிக்கெட் விலை. விமானத்தில் அப்படி இல்லை. சீட்டுகளைப் பல விலைகளில் பிரித்து வைத்து, மலிவானது தீரத் தீர அடுத்த விலையைத் திறப்பார்கள். அதனால் தேதி மாற்றினால் மாற்றுக் கட்டணம் ஒன்று. புது நாளில் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசமும் சேரும். சரி, விலை குறைந்திருந்தால்?

அக்கா மகளுக்கு உப்புச்சர்க்கரை, அதாவது நிச்சயதார்த்தம், வைத்திருந்தோம். டெல்லியில் இருக்கும் தம்பிக்கு 6,800 ரூபாயில் டிக்கெட் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பாரு, அதாவது தாத்தா, நாள் சரியில்லை என்று சொல்ல, புதன்கிழமைக்குத் தள்ளினோம். அன்றைய விலை 5,100தான். 1,700 திரும்பி வரும் என்றே நம்பினேன். மாற்றுக் கட்டணமாக 3,000 வாங்கினார்கள், வித்தியாசம் வரவேயில்லை. போன் செய்தால், "கூடினால் வாங்குவோம், குறைந்தால் தருவதில்லைங்க, டிக்கெட் விதியிலேயே இருக்குதுங்க" என்றது அந்தப் பிள்ளை. எடுத்துப் படித்தேன். இருந்தது. வாங்கத் தெரிந்த வித்தியாசத்தைத் தரத் தெரியாதா என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்றைக்கு ரத்துக் கட்டணம் 3,500. ரத்து செய்திருந்தால் 3,300 கைக்கு வந்திருக்கும். மேலே 1,800 போட்டுப் புது டிக்கெட்டே வாங்கியிருக்கலாம். 3,000 எங்கே, 1,800 எங்கே! அதனால்தான் சொல்கிறேன், மாற்றும் முன் ரத்துக் கணக்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். விலை ஏறியிருந்தால் பெரும்பாலும் மாற்றுவதே மேல். இறங்கியிருந்தால்தான் இந்த வழி.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பயணமே போகாவிட்டாலும் வரியும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். சலுகை டிக்கெட்டுக்கும் இது உண்டு. அந்தப் பணத்தை அடுத்த டிக்கெட்டுக்கென்று விமான நிறுவனத்திடமே வரவாக வைப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம். தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம், நுகர்வோர் உதவி எண் 1915. வணக்கம்ங்க.