தறிச் சத்தத்தில் ஒரு மேட்ச்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், நோம்பிக்கு வந்திருக்கிற பல்லடத்துச் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்ததே எட்டு நிமிஷம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'டிவியும் புதுப்புது ஆட்டமுறையும் விளையாட்டை வளர்த்தனவா, கெடுத்தனவா?' இதுதான் தலைப்பு. நான் வளர்த்தன என்கிற கட்சி. முன்வரிசையில் வெள்ளைத் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எங்க அய்யன். நான் என்ன பேசினாலும் சிரிக்க மாட்டார். அவரைப் பார்த்து நீங்களும் அப்படியே இருந்துவிடாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரைக்கும் 48,390 கோடி ரூபாய்க்குப் போன கதையைச் சொல்லி, "இது விளையாட்டா, வியாபாரமா?" என்று கேட்டார். வியாபாரம்தானுங்க, யார் இல்லை என்றது? நானும் உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டேன். ஒரு மேட்ச்சுக்குச் சுமார் 118 கோடி. மேட்ச்சுக்கு 240 பந்து. அப்படியானால் பந்து ஒன்று ஏறக்குறைய 49 லட்சம். அதிலும் வைடு போட்டால் இன்னொரு பந்து கொசுறு! சந்தையில் இரண்டு கிலோ தக்காளி வாங்கிவிட்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு கேட்டால் நம்மை என்ன பார்வை பார்க்கிறார்கள்!

நடுநடுவே வருகிற விளம்பரத்தையும் திட்டினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

தம்பி அதோடு விட்டாரா? என்னைக் கை காட்டி, "அக்காவுக்கு ரிமோட் பிடிக்கத் தெரியும், பேட் பிடிக்கத் தெரியுமா?" என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள். முதல் விசில் எந்த மூலையிலிருந்து வந்தது என்று பார்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிற மூலை.

தம்பி, ரிமோட் பிடிக்கத் தெரியும் என்றீர்களே, அதுவே பொய். எங்கள் வீட்டில் ரிமோட் என் கைக்கு வந்ததே கிடையாது. பேட்டும் பிடித்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் வாலிபால் அடித்தவள் நான். அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயிண்ட். பந்து கீழே விழும்வரைக்கும் மாறி மாறி அடிக்கிற ராலியை நாங்கள் ஜெயித்தால் சர்வீஸ் எங்களுக்கு வரும், பாயிண்ட் வராது. அடுத்ததை அவர்கள் ஜெயித்தால் சர்வீஸ் அங்கே போகும், பாயிண்ட் போகாது. இப்படியே போய்க்கொண்டிருக்கும். மேட்ச் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய், எருமை கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து "எவ்வளவு கண்ணு?" என்று கேட்டால் அதே 7-6. இப்போது யார் ராலியை ஜெயித்தாலும் பாயிண்ட், 25 எடுத்தால் செட் முடிந்தது. மேட்ச் எப்போது முடியும் என்று டிவிக்காரருக்குத் தெரிய வேண்டும், அதற்காகவும்தான் மாற்றினார்கள். ஒத்துக்கொள்கிறேன். டிவிக்காரருக்கு லாபமோ இல்லையோ, எருமைக்கு லாபம்.

பேட்டுக்கு வருவோம். மிதாலி ராஜ் 1999இல் தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே சதம் அடித்தார். இந்தக் கூட்டத்தில் அதைப் பார்த்தவர் கை தூக்குங்கள். ஒருத்தர்கூட இல்லை. பேட் பிடிக்கப் பெண்கள் இல்லாமலா? அவர்களைக் காட்டத்தான் ஆளில்லை. 2023இல் பெண்கள் லீக் தொடங்கியபோது, ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை மட்டும் 951 கோடிக்குப் போனது. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கிய ராத்திரி, என் வீட்டுக்காரர் அவராகவே ரிமோட்டை என் கையில் கொடுத்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. இப்போது அடிங்கள் விசில்!

நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர் நடராஜன் கதை உங்களுக்கே தெரியும். டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2016இல் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது, டிவியில் காட்டினார்கள். 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம்.

சரி, எங்க அய்யன் கதைக்கு வருகிறேன். 1996 மார்ச் 13. உலகக் கோப்பை அரையிறுதி, கல்கத்தாவில் நாமும் இலங்கையும். அய்யனுக்கு நைட் ஷிஃப்ட். தூக்குப் போசியில் சோறு கொண்டுபோனேன். குடோனில் இருபத்து நாலு தறி. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கூப்பிட்டாலும் கேட்காது, கை ஜாடைதான் பேச்சு. ஊரே ரேடியோவில் கமெண்டரி கேட்ட காலத்திலும் தறிக்காரனுக்குக் கிரிக்கெட் கிடையாதுங்க. அன்றைக்கு முதலாளி ஒரு கருப்பு வெள்ளை டிவியை நூல் மூட்டை மேல் கொண்டுவந்து வைத்தார்.

98க்கு ஒரு விக்கெட். சச்சின் 65. அய்யனுக்கு ஒரு கண் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில், ஒரு கண் டிவியில். ஜெயசூர்யா பந்து போட, சச்சின் கோட்டுக்கு வெளியே நிற்க, கீப்பர் களுவித்தாரண ஸ்டம்பைத் தட்டிவிட்டார். அய்யனின் இரண்டு கண்ணும் டிவிக்குப் போய்விட்டன. பாவில் இழை அறுந்ததை யார் பார்த்தது? 98க்கு ஒன்று, 120க்கு எட்டு. அங்கே விக்கெட் விழ விழ, இங்கே துணியில் கோடு விழுந்துகொண்டே போகிறது. கேலரியில் நெருப்பு, மைதானத்துக்குள் பாட்டில், காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வருகிறார். ஒரு வார்த்தை காதில் விழவில்லை, ஆனால் இருபது பேருக்கும் எல்லாம் புரிந்தது.

கோடு நாலு மீட்டர். அதாவது, நான் பார்த்தது நாலு. என் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னபோது பத்து மீட்டர் ஆனது. பேரன் பிறந்தபோது பாதிப் பாவே போயிற்று. கூலியில் பிடித்த அறுபது ரூபாய் மட்டும் இன்றுவரைக்கும் ஏறவில்லை. அந்தத் துணியை வெட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பின்னால் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது, அம்மா அதில்தான் உறை தைத்தார்.

முப்பத்திரண்டு வருஷம் தறி ஓட்டினார். இப்போது காது சுத்தமாகக் கேட்காது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம், அது சட்டைப்பையில் இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்தால் மூலையில் ஸ்கோர் தெரிகிறது, எத்தனை பந்தில் எத்தனை ரன் என்று எழுதியே காட்டுகிறார்கள். வீட்டில் நாங்கள் எல்லாரும் அவரிடம் கத்திக்கொண்டிருக்கிறோம். அம்பயர் ஒருத்தர்தான் அவருக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. இன்னும் மூன்று பாயிண்ட் எழுதி வைத்திருந்தேன், போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பை மைக்கில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கடைசியில் எழுந்து நின்று, எங்கள் பக்கம் என்றால் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். அந்தத் தம்பி பக்கம் என்றால் ஒற்றை விரல் போதும். முன்வரிசையில் வெள்ளைத் துண்டு, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.