ஆங்கிலக் கவிதையில் வீரம் செத்துவிட்டதா? – ஒரு மாணவியின் சந்தேகம்

அடுத்த சந்தேகம் ஒரு முதுகலை மாணவியிடமிருந்து வந்திருக்கிறது. நீளமான கடிதம், சுருக்கிப் படிக்கிறேன். "ஐயா, ஆங்கிலக் கவிதை பேவுல்ஃப் என்ற வீரனோடு தொடங்குகிறது. முதல் உலகப் போரில் போரிட்ட கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன், 'இந்த நூல் வீரர்களைப் பற்றியது அல்ல' என்று எழுதினார். அத்தோடு ஆங்கிலக் கவிதையில் வீரம் செத்துவிட்டது என்று எங்களுக்குக் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் அப்படியே எழுதலாமா?"

தாராளமாக எழுதலாம் அம்மா, மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது சரியா என்று கேட்டால் பாதிதான் சரி. ஓவன் அந்த இடத்தில் எழுதியது இரண்டு வாக்கியங்கள். உங்கள் குறிப்பில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேவுல்ஃப். 3182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியம். பாடியவர் பெயர் தெரியாது. கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் படி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எல்லாரும் முன்பகுதிக் கதையைத்தான் சொல்வார்கள். டேனிய அரசனின் மண்டபத்துக்கு இரவில் வந்து ஆட்களைத் தின்னும் கிரெண்டல் என்ற அரக்கன். கடல் கடந்து வந்து வெறுங்கையோடு மல்லுக்கு நின்று அவன் கையைத் தோளோடு பிய்த்தெடுக்கும் இளைஞன். குழந்தைகளுக்குச் சொல்லலாம், வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

உங்களை நான் படிக்கச் சொல்வது கடைசிப் பகுதியை. ஐம்பது ஆண்டு அரசாண்டு முதிர்ந்துவிட்ட பேவுல்ஃப், ஊரை எரிக்கும் டிராகனோடு சண்டைக்குப் போகிறான். கூட வந்த பதினோரு பேரையும் "இது உங்கள் வேலை அல்ல" என்று நிறுத்திவிட்டுத் தனியாக இறங்குகிறான். நெருப்பைக் கண்டதும் பத்துப் பேர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் ஒருவன்தான் நிற்கிறான். மண்டபத்தில் தலைவன் கையால் மதுவும் மோதிரமும் வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்தோமே, அதைத் திருப்பித் தர வேண்டாமா என்று அவன் கேட்கிறான். நாம் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்வோமே, அச்சு அசல் அதுதான். அங்கே சோற்றுக்குப் பதில் தேன்மது, அவ்வளவுதான் வேறுபாடு.

டிராகன் சாகிறது, கிழவனும் சாகிறான். அப்போது அதே விக்லாஃப், உயிரைப் பணயம் வைத்துக் கூட நின்றவன், சொல்கிறான்: ஒருவனுடைய விருப்பத்துக்காகப் பலர் துன்பப்பட நேர்ந்துவிடுகிறது. நாங்கள் எவ்வளவோ சொன்னோம், தலைவன் கேட்கவில்லை என்கிறான். ஓடிப்போன கோழை சொல்லியிருந்தால் அதைத் தள்ளிவிடலாம். சொல்கிறவன் விக்லாஃப். சிதை எரியும்போது ஒரு பெண், இனி நாட்டுக்குள் பகைவர் வருவார்கள், அடிமைப்படுவோம் என்று புலம்புகிறாள். காவியத்தின் கடைசிச் சொல்லுக்கு, புகழ் வேட்கை மிக மிக உடையவன் என்று பொருள். அது புகழ்ச்சியா, மெல்லிய குறையா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும்தான். வீரத்தின் மீது சந்தேகப்படுவதற்கு ஆங்கிலக் கவிதை ஓவனுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் காவியத்திலேயே அந்தச் சந்தேகம் குடியேறிவிட்டது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கவிதைக்கு வருகிறேன். இதை உங்கள் குறிப்பில் விட்டிருப்பார்கள். மால்டன் போர். கி.பி. 991, ஆகஸ்ட் மாதம், கிழக்கு இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதி. வடகடல் கொள்ளையரான வைக்கிங்குகள் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவில் இறங்கியிருக்கிறார்கள். கரையில் பிர்த்நோத் என்ற நரைத்த தலைவன் ஆங்கிலேயப் படையோடு நிற்கிறான். நடுவே ஒரு ஒடுங்கிய பாதை. கடல் ஏறினால் மூழ்கிவிடும், வடிந்தால் நடக்கலாம். நார்தி தீவு என்று இன்றும் இருக்கிறது, இன்றும் அந்தப் பாதை அப்படித்தான் மூழ்கி எழுகிறது.

வைக்கிங் தூதுவன், பொன் கொடுத்தால் போய்விடுகிறோம் என்கிறான். பிர்த்நோத், திறையாக ஈட்டிமுனை தருகிறோம் என்கிறான். பாதை தெரிந்ததும் மூன்றே பேர் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்க, வைக்கிங்குகளால் ஓர் அடி நகர முடியவில்லை. உடனே நயமாகக் கேட்கிறார்கள்: எங்களைக் கரையேற விடுங்கள், சரிசமமாகச் சண்டை போடலாம். பிர்த்நோத் சரி என்று சொல்லிவிடுகிறான்!

ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்குக் கவிஞர் ஒரே ஒரு சொல்லைப் போடுகிறார். ஓஃபர்மோட். அளவு மீறிய மனம் என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாம். செருக்கு என்பது நெருங்கிய தமிழ். வானதூதனாக இருந்த லூசிஃபர் கடவுளை எதிர்த்து விழுந்த கதையைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையிலும் இதே சொல் வருகிறது. அப்படியானால் இது பாராட்டாக இருக்க முடியாதல்லவா? சிலர் மிகுந்த மனத்துணிவு என்று மொழிபெயர்த்துச் சமாளிப்பார்கள். டோல்கியன் 1953இல் இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மோதிரங்களின் கதை எழுதிய அதே டோல்கியன்தான், தொழிலால் பழைய ஆங்கிலப் பேராசிரியர், முதல் உலகப் போரில், 1916இல், பிரான்சின் சொம் போர்க்களத்தில் இருந்தவர். தன் ஆட்களின் உயிரைத் தன் பெருமைக்காகச் செலவழிக்கத் தலைவனுக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி. பதுங்குகுழியில் கிடந்த மனிதர் சொல்லும்போது கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

பிர்த்நோத் விழுகிறான். காட்ரிக் என்பவன் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் தலைவனே புறமுதுகு காட்டிவிட்டான் என்று நினைக்க, பாதிப் படை கலைகிறது. கவிதையின் உயிர் இதற்குப் பிறகுதான். மிஞ்சியவர்கள் ஒவ்வொருவராகப் பேசிவிட்டுச் சாகிறார்கள். மது மண்டபத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்து உரைத்த வஞ்சினங்களை நினைவுபடுத்துகிறான் ஒருவன். டன்னெரெ என்ற சாதாரணக் குடியானவனுக்கும் கவிஞர் இடம் கொடுத்திருக்கிறார். ஈட்டியை ஆட்டிக்கொண்டு இரண்டு வரி பேசுகிறான். கடைசியில் பிர்த்வோல்ட் என்ற கிழவன்: "நம் வலிமை குறையக் குறைய மனம் இறுக வேண்டும், நெஞ்சு கூர்மையாக வேண்டும், துணிவு பெருக வேண்டும்." பழைய ஆங்கிலத்தில் இதற்கு மிஞ்சிய வரி இல்லை என்பது என் எண்ணம். தோற்கும்போது மட்டுமே சொல்லக்கூடிய வரி அது.

இந்தக் கவிதைக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. 325 அடிகள்தான் மிச்சம். 1731இல் லண்டனில் காட்டன் என்பவர் சேர்த்த பழைய ஏடுகளின் தொகுப்பு இருந்த கட்டடம் தீப்பிடித்தபோது பேவுல்ஃப் ஓரம் கருகித் தப்பியது, மால்டன் ஏடு எரிந்தே போனது. அதற்கு முன்பே யாரோ ஒரு நகல் எடுத்து, 1726இல் அது அச்சாகியும் இருந்ததால் நமக்குக் கிடைத்தது. கிடைத்த பகுதியின் கடைசி அடி என்ன தெரியுமா? காட்ரிக் என்ற பெயருடைய இன்னொருவன் சாகும்வரை போரிடுகிறான். "ஓடிப்போன காட்ரிக் இவன் அல்லன்" என்பதோடு நின்றுவிடுகிறது. தற்செயலாக அறுந்த இடம்தான், எந்தக் கவிஞரும் திட்டமிட்டு முடித்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வராது.

தலைவன் தவறு செய்கிறான், தொண்டன் நிமிர்ந்து நிற்கிறான், கவிஞர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இந்தக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் உள்ளவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். பதினான்காம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றின் தலைவன் கவேய்ன், ஆர்தர் அரசனின் வீரன், கொடுத்த வாக்குக்காகக் கோடரிக்குக் கழுத்தை நீட்டிவிட்டு ஒரு கணம் தோளைச் சுருக்கிவிடுகிறான், உயிராசையால், உயிரைக் காக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பச்சைக் கச்சையை மறைத்தும் வைத்திருக்கிறான், அதற்காக வெட்கப்படுகிறான். அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், பதினெட்டாம் நூற்றாண்டில், ஒரு பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை ஒருவன் வெட்டியதைக் காவிய நடையில் பாடிச் சிரிக்க வைத்தார். அதே போப்தான் ஹோமரின் போர்க்காவியமான இலியட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்.

மில்டனிடம் மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இளமையில் ஆர்தர் அரசனைப் பற்றிக் காவியம் எழுத ஆசைப்பட்டவர். எழுதியது 1667இல் வெளிவந்த இழந்த சொர்க்கம். அதற்குள் கண் போய்விட்டது, அவர் நம்பிய குடியரசும் கவிழ்ந்துவிட்டது. ஒன்பதாவது காண்டத்தின் தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார்: இதுவரை போரை மட்டுமே வீரம் என்று கருதி வந்தார்கள், பொறுமையும், கொள்கைக்காகத் துன்புறுவதும் இன்னும் பாடப்படவில்லை. பழைய காவியத் தலைவனின் ஈட்டி, கேடயம், முழக்கம் எல்லாவற்றையும் அவர் யாருக்குக் கொடுத்தார்? சாத்தானுக்கு. அந்த ஓஃபர்மோட் லூசிஃபர் இங்கே மறுபடியும் வருகிறான், பார்த்தீர்களா? மில்டன் தன்னை அறியாமலேயே சாத்தானின் கட்சி என்று கவிஞர் பிளேக் சொன்னது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

டெனிசனுக்கு வருகிறேன். பள்ளியில் நெட்டுருப் போட்டிருப்பீர்கள்: இலகு குதிரைப்படையின் பாய்ச்சல். 1854 அக்டோபர் 25, பிரிட்டன் ரஷ்யாவோடு போரிட்ட கிரீமியாவில் பாலக்லாவா என்ற இடம். மேட்டில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராக்லனுக்கு ஒரு பீரங்கி வரிசை தெரிந்தது. பள்ளத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது வேறு பீரங்கிகள். கட்டளைச் சீட்டு தெளிவாக இல்லை, அதைக் கொண்டுவந்த நோலன் என்ற அதிகாரி கையை எங்கோ நீட்டினார். ஏறக்குறைய 670 பேர் மூன்று பக்கமும் பீரங்கி இருந்த பள்ளத்தாக்குக்குள் குதிரையை விட்டார்கள். சுமார் 110 பேர் இறந்தார்கள்.

டெனிசன் அப்போது அரசவைக் கவிஞர். செய்தித்தாளில் படித்துவிட்டு எழுதிய கவிதை டிசம்பர் 9ஆம் தேதியே அச்சாகிவிட்டது. அரசவைக் கவிஞர் என்றால் கொடியைப் பிடித்துக்கொண்டு பாடுவார் என்றுதானே நினைப்போம்? அவர் எழுதுகிறார்: "யாரோ தவறு செய்துவிட்டார்கள்" என்று படைவீரனுக்குத் தெரியும், தெரிந்தும் கலங்கவில்லை. தெரியாமல் போய்ச் சாகவில்லை, தெரிந்தே போனான். ஏன் என்று கேட்பது அவர்கள் வேலை அல்ல என்ற பிரபலமான வரி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதை மட்டும் தனியே பிய்த்து மேற்கோள் காட்டினால் அடிமைப் புத்தி போலத் தோன்றும். முந்தைய வரியோடு சேர்த்துப் படித்தால் கட்டளையிட்டவனைச் சுடுகிறது.

சுவையான விஷயம் கேளுங்கள். 1855இல் தொகுப்பில் சேர்க்கும்போது நண்பர்கள் பேச்சைக் கேட்டு அந்தத் "தவறு" வரியை டெனிசன் எடுத்துவிட்டார். பிறகு துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனையில் கிடந்த படைவீரர்கள் இந்தக் கவிதையைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், வரியைத் திரும்ப வைத்துத் தனியாக அச்சிட்டு அவர்களுக்கு அனுப்பினார். விமர்சகர்களுக்குப் பிடிக்காத வரியோடுதான் காயம்பட்டவர்கள் கைக்கு அந்தக் கவிதை போய்ச் சேர்ந்தது. 1890இல் மெழுகு உருளையில் அவரே படித்துப் பதிவு செய்த குரல் இணையத்தில் கிடைக்கிறது. இரைச்சலுக்கு நடுவே குதிரைக் குளம்பு போலக் கேட்கும்.

இப்போது ஓவன். கடவுள் கேட்டார் என்று மகன் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போன ஆபிரகாமின் பைபிள் கதையை அவர் ஒரு குறுங்கவிதையில் மாற்றி எழுதினார். வானதூதன் தடுத்து, மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடாவைப் பலியிடு என்கிறான். ஓவன் அந்தக் கடாவுக்குச் செருக்கு என்று பெயர் வைக்கிறார். கிழவன் கேட்கவில்லை. மகனை வெட்டினான், ஐரோப்பாவின் வித்தில் பாதியை ஒவ்வொன்றாக வெட்டினான். மால்டனை மனத்தில் வைத்து ஓவன் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிர்த்நோத் விட்டுக்கொடுக்காத பொருளும் இந்தக் கிழவன் விட்டுக்கொடுக்காத பொருளும் ஒன்றுதான்.

1918இல், வெளிவராத தொகுப்புக்காக எழுதிய முன்னுரையில் அந்த இரண்டு வாக்கியங்கள் வருகின்றன. "இந்த நூல் வீரர்களைப் பற்றியது அல்ல. அவர்களைப் பற்றிப் பேச ஆங்கிலக் கவிதைக்கு இன்னும் தகுதி வரவில்லை."

வீரர்கள் இல்லை என்றா சொல்கிறார்? தகுதி இல்லாதது கவிதைக்கு. அதிலும் "இன்னும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீரம் செத்துவிட்டது என்று நம்பியவர் அந்தச் சொல்லைப் போட மாட்டார்.

அவர் நடந்துகொண்டதையும் பாருங்கள். 1917இல் போர் அதிர்ச்சியால் எடின்பரோ அருகே மருத்துவமனையில் இருந்தவர், அடுத்த ஆண்டு பிரான்சுக்குத் திரும்பினார். அக்டோபர் தொடக்கத்தில் நடந்த சண்டைக்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 4 அன்று, போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். வயது 25. அந்த அக்டோபரில் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பையன்களுக்கு உதவத்தான் வந்தேன் என்கிறார்: ஓர் அதிகாரியாக நேரடியாக அவர்களை வழிநடத்தவும், அவர்கள் படும் துன்பத்தைப் பார்த்து அவர்களுக்காக வாதாடவும்.

விக்லாஃப் தலைவனுக்குப் பட்ட கடனைச் சொன்னான். ஓவன் தலைவனாக இருந்துகொண்டு தன் ஆட்களுக்குப் பட்ட கடனைச் சொல்கிறார். செஞ்சோற்றுக் கடன் அப்படியே இருக்கிறது, கொடுக்க வேண்டியவர்தான் மாறியிருக்கிறார். தேர்வில் இதை எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டாவது வாக்கியத்தையாவது சேர்த்துவிடுங்கள்.

மால்டனை நூலகத்தில் நல்ல உரைநடை மொழிபெயர்ப்பாகத் தேடிப் படியுங்கள், அரை மணி நேரம் போதும். தொடக்கத்தில் ஓர் இளைஞன் தன் கையில் இருந்த செல்லப் பருந்தைக் காட்டுக்குள் பறக்க விட்டுவிட்டுப் போருக்கு நடப்பான். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். சரி, அடுத்து ஒருவர் சானட் வடிவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்…